பிளக்கின் மீது பொறித்த எண்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும் இடத்தில், சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மத்தியானம், என்னுடைய பழைய அம்பாசடர் வண்டிக்கு நான்கு ஸ்பார்க் பிளக்குகள் வாங்கும் பொருட்டு நான் போய் நின்றபோது, கடைக்காரர் மூன்று விதமான சிறு அட்டைப்பெட்டிகளை எடுத்து என் முன்னே பரப்பினார். ஒன்றில் 6 என்றும், மற்றொன்றில் 7 என்றும், வேறொன்றில் 8 என்றும் இலக்கங்கள் எழுத்துகளின் நடுவே பதுங்கியிருந்தன. சிறு பிராயம் முதற்கொண்டு மார்க்கு வாங்கியே பழகியவனாகையால், எண்ணில் பெரியது குணத்திலும் பெரியதாகத்தான் இருக்கும் என்ற அசட்டுத் துணிச்சலோடு, 8 என்று பொறித்திருந்தவற்றையே பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஒரு வாரம் கழிவதற்குள் வண்டி இருமத் தொடங்கியது. மவுண்ட் ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது 'மிஸ்' அடித்தது. ஆயிரம்விளக்கு தாண்டுவதற்குள் பின்னால் வந்த பஸ்காரர் என் குல கோத்திரத்தையெல்லாம் விசாரித்துவிட்டார். புதுப்பேட்டையிலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர் பிளக்குகளைக் கழற்றி, அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்த அவற்றின் வாயை வேட்டித் தலைப்பால் துடைத்துப் பார்த்துவிட்டு, "பிளக்குல குத்தம் ஒண்ணும் இல்லை சார். உங்க வண்டிக்கு இது ரொம்பக் குளிர்ச்சி. ரேஸ் ஓட்டுறவன் போட வேண்டியதைச் சிக்னல்ல நிக்கிற வண்டிக்குப் போட்டிருக்கீங்க" என்றார். நெருப்பின் நடுவிலேயே வாசம் செய்கிற ஒரு வஸ்துவைக் குளிர்ச்சி என்று அவர் சொன்னது அப்போது எனக்குப் பரிகாசமாகத் தோன்றிற்று. அந்தச் சொல்லின் பொருளைத் தேடிப் போன இடத்தில்தான், அந்தச் சிறு பீங்கான் துண்டின் மீது பொறித்த எண்ணுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரமும், பல கம்பெனிகளின் பிடிவாதமும், ஒரு பெயரைப் பற்றிய தகராறும் மறைந்து கிடப்பதை அறிந்தேன்.

முதலில் அந்தக் குளிர்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகையில், அதிலுள்ள ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தடவை பொறி விடுகிறது. ஒவ்வொரு தடவையும் 2000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட ஜ்வாலை அதன் மூக்கைத் தாக்குகிறது. கண்ணிமைப்பதற்குள் குளிர்ந்த பெட்ரோல் ஆவி வந்து அதே மூக்கை நனைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பீங்கான் மூக்கின் உஷ்ணம் ஏறத்தாழ 450 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் மேல் படியும் கரி எரிந்து போகாமல் தங்கிவிடும். 850 டிகிரியைத் தாண்டினால், பொறி வருவதற்கு முன்பே அந்த மூக்கே கொள்ளிக்கட்டையாகி எரிவாயுவைப் பற்றவைத்துப் பிஸ்டனைப் பொத்தலாக்கிவிடும். தோசைக்கல்லைப் பழக்கிய நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; காயாத கல்லில் மாவு ஒட்டும், மிதமிஞ்சிக் காய்ந்த கல்லில் கருகும். மூக்கு நீண்ட பிளக்கில் உஷ்ணம் வெளியேறும் வழி நெடியதாகையால் அது சூடாகவே இருக்கும். மூக்குக் குட்டையானது உஷ்ணத்தைச் சீக்கிரம் சிலிண்டர் தலைக்குக் கடத்திவிட்டுக் குளிர்ந்துகொள்ளும். பந்தய வண்டிக்குக் குளிர்ந்த பிளக்கும், பட்டணத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும் சாது வண்டிக்குச் சூடான பிளக்கும் வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் விதி. பிளக்கின் மீதுள்ள எண் குறிப்பது இந்தச் சுபாவத்தையே அன்றி, அதன் தரத்தை அன்று.

பிளக்கு என்ற சாதனம் மோட்டார் காரைவிட வயதில் மூத்தது. 1860-இல் பாரிஸ் நகரில் எத்தியேன் லென்வார் என்பவர் நிலக்கரி வாயுவினால் ஓடும் யந்திரம் ஒன்றைச் செய்தபோதே, பீங்கானுக்குள் கம்பியைச் செலுத்தி மின்பொறி உண்டாக்கும் உபாயத்தைக் கையாண்டார். ஆயினும் அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து மோட்டார் வண்டி பிறந்த காலத்திலும் இந்த விஷயத்தில் ஒருமித்த அபிப்பிராயம் ஏற்படவில்லை. டெய்ம்லர், வெளியிலிருந்து ஒரு சுடரினால் ஓயாமல் காய்ச்சப்படும் குழாய் ஒன்றைச் சிலிண்டருக்குள் நீட்டிவைத்து அதனால் வாயுவைப் பற்றவைத்தார். பெட்ரோல் வண்டியின் வயிற்றருகே அகல்விளக்கை ஏற்றி வைத்ததற்கு ஒப்பான இந்த ஏற்பாட்டில் வண்டியே தீப்பற்றும் அபாயம் இருந்தது. 1886-இல் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்ற பென்ஸ் மின்சாரத்தையே நம்பினார். பற்றவைக்கும் பிரச்சினையே பிரச்சினைகளுக்கெல்லாம் தலையானது என்பது அவர் கருத்து. அதே வருஷம் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறை ஒன்றைத் திறந்த ராபர்ட் பாஷ் என்பவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட், 1902-இல் உயர் அழுத்த மின்சாரம் தரும் மாக்னெட்டோ என்னும் கருவியையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்து உருவாக்கியதோடு இந்தத் தலையாய பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது.

இனி வருவது ஒரு பெயரின் கதை. ஆல்பர்ட் சாம்பியன் என்னும் பாரிஸ் நகரத்து இளைஞர் சைக்கிள் பந்தய வீரர். 1899-இல் பாரிஸிலிருந்து ரூபே வரையில் நடக்கும் கொடிய பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். அமெரிக்காவுக்குப் போய் மோட்டார் பந்தயத்தில் இறங்கி, 1903-இல் விபத்துக்குள்ளாகிக் காலை முறித்துக்கொண்டார். பிறகு 1905-இல் பாஸ்டன் நகரில், ஸ்டிரானஹான் சகோதரர்களின் பணத்தோடு தம் பெயரிலேயே பிளக்கு வியாபாரம் தொடங்கினார். 'சாம்பியன்' என்ற சொல்லுக்கு வெற்றி வீரன் என்று ஆங்கிலத்தில் பொருள் இருப்பதால், விளம்பரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் தேடினாலும் கிடைத்திராது. 1908-இல், ப்யூக் கார் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவரும், அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸை ஸ்தாபித்தவருமான வில்லியம் டூரன்ட் அவரைத் தம் ஊரான ஃப்ளின்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். பாஸ்டனில் தங்கிவிட்ட சகோதரர்கள் ஆளை விட்டார்களே தவிர, பெயரை விடவில்லை. அவர்கள் 1910-இல் ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகருக்குக் குடிபெயர்ந்து, 'சாம்பியன்' என்ற முத்திரையுடனேயே பிளக்குகளை வார்த்துத் தள்ளினார்கள். ஃபோர்டின் மாடல் டி வண்டியில் ஏறி உலகமெங்கும் போன 'எக்ஸ்' என்ற பிளக்கும் அவர்களுடையதுதான். பெயருக்கு உரியவரான ஆல்பர்ட் சாம்பியனோ, தம் பெயரைத் தம் சரக்கின் மேல் போட்டுக்கொள்ள உரிமை இல்லாதவராக, முதலெழுத்துகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 'ஏசி' என்று தம் பிளக்கை அழைக்க வேண்டியதாயிற்று. 1922-இல் அவருடைய கம்பெனியும் ஏசி ஸ்பார்க் பிளக் கம்பெனி என்றே நாமகரணம் பெற்றது. 1927-இல் அவர் பாரிஸில் காலமானார். இன்றும் பழைய சரக்கு விற்கும் கடையில் சாம்பியன் பெட்டியும் ஏசி பெட்டியும் அடுத்தடுத்து இருக்கக் கண்டால், ஒரே மனிதரின் பெயரை இருவர் பங்கு போட்டுக்கொண்ட அந்த விந்தை என் நினைவுக்கு வருகிறது.

அக்காலத்துப் பீங்கானுக்கு ஒரு பெருங்குறை உண்டு. சாதாரண வண்டிக்குப் போதுமானதாக இருந்த அது, பந்தய எஞ்சினின் உக்கிரத்தைத் தாங்காமல் விண்டுபோயிற்று. மதுபானம் காய்ச்சுவதில் பிரக்கியாதி பெற்ற கின்னஸ் குடும்பத்தில் பிறந்து, கார் பந்தயத்தில் மோகங்கொண்ட கெனல்ம் லீ கின்னஸ் என்னும் அயர்லாந்துக்காரர் இதில் சலிப்புற்று, லண்டனை ஒட்டிய புட்னி வேல் என்னும் இடத்தில் தாமே பிளக்கு செய்யத் தலைப்பட்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே கேஎல்ஜி என்னும் முத்திரை. பீங்கானுக்குப் பதிலாக அவர் உபயோகித்தது அப்பிரகம். நம் கிராமத்துப் பிள்ளைகள் ஆற்றுமணலில் பொறுக்கிக் காக்காப்பொன் என்று விளையாடும் அதே பொருள். அதை ஏடு ஏடாகப் பிளந்து, வட்டமாக வெட்டி, நடுக்கம்பியின் மேல் நூற்றுக்கணக்கில் அடுக்கி, இறுக அழுத்திக் கடைசலில் கடைந்து எடுத்தால், அந்த உஷ்ணத்திலும் விண்டுபோகாத காப்பு கிடைக்கும். முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களுக்கு இவ்வகைப் பிளக்குகள் இன்றியமையாதவை ஆயின. 1922-இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் மணிக்கு 133.75 மைல் வேகத்தில் ஓட்டி அக்காலத்து உலக சாதனையை நிலைநாட்டியவரும் இதே கின்னஸ்தான். தகட்டு அப்பிரகத்தில் உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்நாளில் இந்தியாவிலிருந்தே போயிற்று என்பதையும், அக்காலப் பீகாரின் கோடர்மாவுக்கு அடுத்தபடியாக அது வெட்டி எடுக்கப்பட்ட நெல்லூர் ஜில்லா அப்போது நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது தவறாகாது. சுரங்கத்தில் அந்த ஏடுகளைப் பிளந்து கொடுத்த கைகளைப் பற்றிப் பிளக்கின் சரித்திரம் எழுதுவோர் ஒருவரும் பிரஸ்தாபிப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்பிரகத்தின் ஆட்சியை முடித்து வைத்தது ஈயம். எஞ்சினில் கேட்கும் 'தட்டல்' ஓசையை அடக்குவதற்கு ஈயம் கலந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் சேர்க்கலாம் என்று 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர் கண்டுபிடித்தார். 1923 முதல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் பிளக்கில் படிந்து மின்சாரத்துக்குக் குறுக்குவழி காட்டியது. அப்பிரக ஏடுகளின் இடுக்கில் நுழைந்து அவற்றை அரித்தது. ஆகவே ஈயத்துக்கு அசையாத புதிய பீங்கானைத் தேடி ஒவ்வொரு தேசத்தாரும் ஒவ்வொரு திசையில் புறப்பட்டார்கள். டொலீடோவின் சாம்பியன் கம்பெனிக்கு வேண்டிய ஆண்டலுசைட் என்னும் தாது கலிபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் வெட்டி எடுக்கப்பட்டது. ஜெர்மனியில் ஸீமென்ஸ் கம்பெனியார் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அலுமினா மாவைக் கடும் உஷ்ணத்தில் சுட்டு, குருந்தக்கல்லுக்கு நிகரான பீங்கானைச் செய்தார்கள். இன்று நாம் வாங்கும் பிளக்கின் வெள்ளை உடம்பு அந்த அலுமினாவின் வம்சமே.

ஆக, பிளக்கு செய்யும் வித்தை எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டது. எண் போடும் வழக்கம் மட்டும் ஒன்றாகவில்லை. பாஷ் கம்பெனியார் ஒரு சோதனை எஞ்சினில் பிளக்கை மாட்டி ஓட்டி, அது தானே பற்றவைக்கத் தொடங்கும் வரை எத்தனை விநாடி தாங்குகிறது என்று பார்த்து, அந்த விநாடிக் கணக்கிலிருந்தே 145, 175, 225 என்று எண்ணை அமைத்தார்கள். அந்தக் கணக்கில் எண் உயர உயரப் பிளக்கு குளிர்ச்சி. பின்னாளில் இதை மாற்றி ஒற்றை இலக்கம் ஆக்கியபோது, பழைய 175 என்பது 7 ஆயிற்று, 225 என்பது 5 ஆயிற்று. எண் உயர உயரச் சூடு என்று தலைகீழாகிவிட்டது. சாம்பியன் கம்பெனியாருக்கும் எண் உயர்ந்தால் சூடுதான். 1936-இல் ஜப்பானின் நகோயா நகரில் தோன்றிய என்ஜிகே கம்பெனியாருக்கோ எண் உயர்ந்தால் குளிர்ச்சி. ஒருவருடைய 5-ம் மற்றொருவருடைய 6-ம் வேறொருவருடைய 7-ம் ஏறக்குறைய ஒரே சுபாவம் உள்ளவையாக இருக்கக்கூடும். ஒரே 8 என்ற இலக்கமோ ஒரு கடையில் வெந்நீர், அடுத்த கடையில் ஐஸ் தண்ணீர். நம் ஊரிலே மரக்கால் அளவு ஜில்லாவுக்கு ஜில்லா மாறியிருந்த காலத்தில் நெல் வாங்கப் போனவன் பட்ட அவதி இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஏனெனில் மரக்கால் எவ்வளவு மாறினாலும், பெரிய மரக்கால் பெரியதாகவே இருந்தது.

நம் நாட்டில் இந்தக் குழப்பத்தை வெகுநாள் உணராமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதி இறுகிய காலத்தில், 1951-இல் பெங்களூரில் பாஷ் கம்பெனியின் கூட்டுறவோடு மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி ஆரம்பமாயிற்று. 'மைக்கோ' என்று ஊரெல்லாம் அழைத்த அதன் பிளக்குதான் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் ஸ்கூட்டருக்கும், ஏன், தோட்டத்துப் பம்புசெட்டுக்கும்கூட. கடையில் போய் "மைக்கோ கொடுங்கள்" என்றால் வண்டியின் பெயரைக் கேட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்தெடுக்கும் சிரமம் நமக்கு இருக்கவில்லை. அந்தக் கம்பெனி 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. வங்காளத்து உத்தர்பாராவில் 1957-இல் தொடங்கிய அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. வண்டியின் பெயரைச் சொன்னதும் எண்ணைச் சொல்லக்கூடிய தலைமுறைக் கடைக்காரர்களும் ஒவ்வொருவராக ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே இப்போதுதான் அந்தப் பழைய சரித்திரம் நமக்குப் பிரயோஜனப்படுகிறது.

என் வண்டியில் இருப்பது பி.எம்.ஸி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 'பி' வகையைச் சேர்ந்த, 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின். இங்கிலாந்தில் அதே வகை எஞ்சினுக்கு அக்காலக் கையேடுகள் விதித்தது சாம்பியன் என்5, இடைவெளி 0.025 அங்குலம். 'என்' என்ற அந்த எழுத்துக்கு, மரை 14 மில்லிமீட்டர் குறுக்களவும் 19 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது என்று பொருள். உஷ்ண எண்ணைவிட இந்த நீளத்தை அதிகமாகக் கவனிக்க வேண்டும். உஷ்ணம் தவறினால் வண்டி இருமும், நீளம் தவறினால் எஞ்சினே பாழாகும். உதாரணமாக, மாரிஸ் மைனர் காரின் முதல் மாதிரியில் இருந்த 918 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு 12.7 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை மரைப் பிளக்கு. அதற்குப் பின் வந்த மைனருக்கு 19 மில்லிமீட்டர். வண்டியின் பெயரை மட்டும் நம்பி நெட்டை மரையைக் குட்டை வாயில் திருகினவருக்குப் பிஸ்டன் பிளக்கை முட்டி விடை சொல்லும். என்5 பிளக்கு இப்போது அரிதாகிவிட்டபடியால், அதன் இடத்தில் மூக்குச் சற்று வெளியே நீண்ட சாம்பியன் என்9ஒய்ஸி, அல்லது என்ஜிகே பிபி6இஎஸ், அல்லது பாஷ் டபிள்யூ7டிஸி ஆகிய மூன்றில் எதையும் போடலாம். வெளியே நீண்ட மூக்கு மெதுவாகப் போகையில் சூடாக இருந்து கரியை எரித்துவிடுகிறது. வேகமாகப் போகையில் உள்ளே பாயும் வாயுவினாலேயே குளிர்விக்கப்படுகிறது. பட்டணத்திலும் நெடுஞ்சாலையிலும் மாறி மாறி ஓடும் கிழவண்டிக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இரிடியம், பிளாட்டினம் என்று மெல்லிய ஊசிமுனையோடு வரும் விலையுயர்ந்த பிளக்குகளைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். அவற்றின் விசேஷம் நீண்ட ஆயுள். பிளக்கை எட்டிப் பிடிக்கவே முடியாதபடி மூடிக் கட்டிய நவீன எஞ்சினுக்கு அது வரப்பிரசாதம். பானெட்டைத் தூக்கினால் நான்கு பிளக்கும் வரிசையாக நின்று முகம் காட்டும் அம்பாசடருக்கு அது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். எழுத்துகளின் நடுவே 'ஆர்' என்று ஒன்று சேர்ந்து வந்தால், ரேடியோ இரைச்சலை அடக்கும் தடையம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய வண்டிக்கு அதை வாங்க வேண்டும், பழைய பாயிண்டோடும் செப்புக் கம்பியோடும் ஓடும் வண்டிக்கு அவசியமில்லை.

எதைப் போட்டாலும், நூறு இருநூறு மைல் ஓடிய பிறகு கழற்றிப் பார்ப்பதே கடைசிப் பரீட்சை. மூக்கு காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் பொருத்தம் சரி. உலர்ந்த கறுப்பாக இருந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை வாரி இறைக்கிறது, அல்லது என்னைப் போல் குளிர்ந்ததைப் போட்டுவிட்டீர்கள். எண்ணெய் மினுக்கும் கறுப்பானால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் இல்லையாகையால், பழைய புத்தகங்கள் வருணிக்கும் சாம்பல் படிவை இனிக் காண முடியாது. இப்போது பெட்ரோலோடு கலந்து வரும் எத்தனால் கலவையைச் சற்று மெலிதாக்குவதால், நிறம் முன்னைவிட வெளிறித் தோன்றினால் பிளக்கை மாற்றுவதற்கு முன் கார்புரேட்டரைத் திருத்திப் பாருங்கள்.

என் வண்டிக்குரிய எண்ணை நான் கடைசியில் அறிந்தது எந்தக் கடையிலும் அன்று. மூர்மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு கையேட்டின் பக்கத்தில். அம்பாசடரோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, ஃபியட்டோ, தாத்தா ஓட்டிய எந்த வண்டியாயினும் சரி, அதற்குரிய கையேடு உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைத்துவிடாதீர்கள்; வண்டி போய்விட்டிருந்தாலும், அதே வண்டியை வைத்திருக்கும் யாருக்காவது அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.